சேவலும் பேடும்: குஞ்சின் பாலறிதல் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தொல்காப்பிய மரபியல் உயிரினங்களின் இளமை, ஆண்மை, பெண்மை ஆகிய மூன்றையும் குறிக்கும் மரபுப் பெயர்களைத் தொகுத்துக் கூறுகின்றது. மயில் நீங்கலாகச் சிறகுடையவற்றின் ஆணுக்குச் சேவல் என்னும் பெயர் அங்கு விதிக்கப்படுகின்றது. பெண்ணுக்குப் பேடை, பெடை முதலிய பெயர்கள் உரியவாகின்றன. அளகு என்பது கோழிக்கும் கூகைக்கும் உரியதாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால், பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களே தரப்படுகின்றன. இவ்விரண்டும் பால் காட்டாதன. வளர்ந்த கோழியை இருபாலாகப் பிரித்துப் பெயரிட்ட மொழி குஞ்சை அவ்வாறு பிரிக்கவில்லை. இதனை இலக்கண ஆசிரியரின் கவனக்குறைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. குஞ்சினைப் பால் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை அச்சமூகத்திலே எழவில்லை என்றே நாம் கருதுகின்றோம். ஒரு சொல் இருப்பதற்கு மட்டுமன்றி, இல்லாமற் போவதற்கும் சமூகக் காரணம் உண்டு.

அத்தேவை எப்பொழுது, எவருக்கு எழுந்தது? அதனை நிறைவு செய்த அறிவு எவர் கையிலிருந்து எவர் கைக்கு மாறியது? அம்மாற்றத்தினாற் குஞ்சுக்கும் அதனைக் கையிலெடுத்துப் பார்த்த தொழிலாளிக்கும் நேர்ந்தது யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வாளர் இத்துறையிற் புகுதல் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். எனினும், உழைப்பின் வரலாற்றையும் அறிவின் வரலாற்றையும் வெவ்வேறாக வைத்து நோக்கும் பழக்கம் எமது பல்கலைக்கழகங்களில் இன்னும் நீங்காதிருக்கையில், இத்தகைய சிறு பொருள்களே சில உண்மைகளைத் தெளிவாகக் காட்டவல்லன.

1. கொல்லைப்புறத்திற் காத்திருத்தல்

கொல்லைப்புறக் கோழி வளர்ப்பு, வீட்டுப் பொருளாதாரத்தின் ஓர் அங்கம். பேடு தானே அடைகாக்கின்றது. தானே குஞ்சுகளை மேய்க்கின்றது. சிந்திய தானியம், புழு பூச்சி, அடுக்களைக் கழிவு ஆகியவையே தீனியிற் பெரும்பகுதி. பராமரிப்பு பெரும்பாலும் பெண்களின் கணக்கில் எழுதப்படாத உழைப்பு. இங்கு ஆண் குஞ்சு வேண்டாத பொருளன்று. அது வளர்ந்தால் விருந்துக்கோ, நேர்த்திக்கோ, விற்பனைக்கோ பயன்படும். எனவே, குஞ்சின் பாலை முதல் நாளிலேயே அறிவதால் வீட்டாருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. காலம் தானாகவே அதனைக் காட்டிவிடுகின்றது. நான்கு முதல் ஆறு வாரங்களில் ஆண் குஞ்சின் கொண்டை பருத்துச் சிவக்கத் தொடங்கும். பெண்ணின் கொண்டை சிறிதாகவும் வெளிறியும் இருக்கும். ஏறத்தாழ மூன்று மாதங்களிற் சேவலின் கழுத்திலும் இடுப்பின் மேற்புறத்திலும் நுனி கூரிய நீண்ட இறகுகள் தோன்றும். பேட்டின் இறகு நுனிகள் உருண்டிருக்கும். வாலிலே வளைந்த இறகு நீள்வதும் கூவத் தொடங்குவதும் ஐயத்தை முற்றாக நீக்கிவிடும்.

தேவை சிறிதாயினும் ஆவல் பெரிது. அரிஸ்டோட்டில் தமது விலங்குகள் பற்றிய நூலில், நீண்டு கூரிய முட்டையிலிருந்து பெண்ணும் உருண்ட முட்டையிலிருந்து ஆணும் வரும் என்றார். உரோம வேளாண்மை ஆசிரியரான கொலுமெல்லா இதற்கு நேர்மாறாக, ஆண் வேண்டுமெனின் நீண்டு கூரிய முட்டைகளையும் பெண் வேண்டுமெனின் உருண்ட முட்டைகளையும் அடைவைக்குமாறு அறிவுறுத்தினார். நூலிற் கட்டிய ஊசியை முட்டையின்மேற் தொங்கவிட்டு அதன் அசைவைக்கொண்டு பாலறியும் வழக்கமும் பல நாடுகளில் உண்டு. ஒன்றையொன்று மறுக்கும் இருவிதிகள் நூற்றாண்டுக்கணக்கில் அருகருகே வாழ முடிந்தமைக்குக் காரணம், பிழையான விதியினாற் பெருநட்டம் எவருக்கும் நேராமையே. பறவைகளிற் பாலினைத் தீர்மானிப்பது தாயின் சூல்முட்டை. அது கருக்கட்டிய பின்னரே அதனைச் சுற்றி ஓடு அமைகின்றது. ஓட்டின் வடிவம் உள்ளிருக்கும் குஞ்சின் பாலைக் கூறாது. எனினும் இவ்வுண்மை நிலைநாட்டப்படுவதற்கு அறிவியலின் வளர்ச்சி மட்டுமன்றி, அவ்வறிவை விலைகொடுத்து வாங்க விரும்பும் ஒரு சந்தையும் தேவைப்பட்டது.

2. 'தூய இனம்' என்னும் கருத்து

பாலறிதலோடு இணைந்து வருவது இனமறிதல். கோழிகளிடையே வேறுபாடுகள் தொன்மையானவை. ஆனால், எழுதப்பட்ட விதிகளாற் காவல் செய்யப்படும் 'இனம்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. சீனத்திலிருந்து கொச்சின் முதலிய பெருங்கோழிகள் 1840களிற் பிரித்தானியாவை அடைந்தபின், அங்கும் ஐக்கிய அமெரிக்காவிலும் கோழிப்பித்து எனத்தக்க ஒரு மோகம் பரவியது. கண்காட்சிகளும் பரிசுகளும் பெருகின. 1865இற் பிரித்தானியாவிலும் 1874இல் அமெரிக்காவிலும் இனத் தராதர நூல்கள் வெளியாயின. டார்வின் 1868இல் வெளியிட்ட வீட்டு விலங்குகளின் மாறுபாடு பற்றிய நூலிலே கோழிக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கி, எல்லா இனங்களும் செங்காட்டுக்கோழியின் வழிவந்தவை என வாதிட்டார். இதே காலப்பகுதியில் மார்க்ஸ், மூலதனத்தின் இரண்டாம் தொகுதிக்கான கையெழுத்துப் படிகளில், பேக்வெல் என்னும் ஆங்கில வேளாண்மையாளர் தெரிவு முறையாற் செம்மறியின் உடலமைப்பை மாற்றி, முன்னையிலும் குறுகிய காலத்தில் அதனைச் சந்தைக்கு ஆயத்தமாக்கியதை எடுத்துக்காட்டினார். மூலதனத்தின் சுழற்சிக் காலம் விலங்கின் எலும்பிலேயே பொறிக்கப்படுகின்றது என்பதை உணர்ந்தவர் அவர். கோழியின் பிற்கால வரலாறு இவ்வவதானத்தின் விரிவுரையாகவே அமைந்தது.

குஞ்சுப் பருவத்தில் இனத்தைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. கொண்டை ஒற்றை வரிசையானதா, ரோசாக் கொண்டையா, பட்டாணிக் கொண்டையா என்பது முதலாவது. காலில் இறகு இருத்தல் பிரம்மா, கொச்சின் போன்றவற்றைச் சுட்டும். பெரும்பாலான கோழிகளுக்கு நான்கு விரல்களே உண்டாகையால், ஐந்து விரல்கள் டோக்கிங், சில்க்கி முதலிய சிலவற்றை நோக்கி எமது கவனத்தைத் திருப்பும். வெள்ளை லெக்கோண் குஞ்சின் தூவி மஞ்சள். றோட் ஐலன்ட் றெட் குஞ்சின் தூவி செம்பழுப்பு. வரிகொண்ட பிளிமத் றொக் குஞ்சு கரியதாய் உச்சியில் ஒரு வெண்பொட்டுடன் காணப்படும்.

ஆயினும் இவ்வடையாளங்களுள் எதுவும் தனித்து நின்று இனத்தை நிறுவுவதில்லை. கழுத்தில் இறகில்லாமை ஓர் ஆட்சியுடைய பரம்பரை அலகின் விளைவு. ஊரிலே கலந்து வளர்ந்த குஞ்சொன்றில் அது தோன்றினால், அக்குஞ்சின் மூதாதையர் ஒருவரிடம் அவ்வலகு இருந்தது என்பதற்கு மேல் எதனையும் அது நிரூபிக்காது. 2008இல் வெளியான பிறப்புரிமையியல் ஆய்வொன்று, உலகெங்கும் உள்ள வீட்டுக்கோழிகளின் மஞ்சட் தோலுக்குரிய அலகு செங்காட்டுக்கோழியிலிருந்தன்றி, தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் சாம்பற் காட்டுக்கோழியிலிருந்து வந்திருத்தல் வேண்டும் எனக் காட்டியது. தூய இனம் என மதிக்கப்பட்டவற்றின் தோலே கலப்பின் சான்றாயிற்று. இனம் என்பது இயற்கையின் தரவு என்பதிலும் மேலாக, வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

3. பொறியும் தாயற்ற குஞ்சும்

கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரில் 1879இல் லைமன் பைஸ் உருவாக்கிய அடைகாக்கும் பொறி வணிக அளவிலான பொரிப்புக்கு வழிவகுத்தது. எகிப்தியர் பண்டைக்காலந்தொட்டே அடுப்பறைகளில் முட்டை பொரித்து வந்தனர். ஆனால், புதிய பொறி முற்றிலும் வேறான ஒரு சமூக உறவுக்குள் வந்து சேர்ந்தது. புதிதாகப் பொரித்த குஞ்சு, தன் உடலினுள் எஞ்சியிருக்கும் மஞ்சட்கருவின் துணையோடு இரண்டு மூன்று நாள்கள் தீனியின்றி வாழும். இவ்வியல்பைப் பயன்படுத்தி 1892இல் நியூ ஜேர்சியிலிருந்து ஒருநாட் குஞ்சுகள் இரயிலில் அனுப்பப்பட்டன. 1918இல் அமெரிக்க அஞ்சற் சேவை அவற்றை ஏற்கத் தொடங்கியது. குஞ்சு, தாயிடமிருந்தும் கொல்லையிலிருந்தும் பிரிக்கப்பட்டு எண்ணிக்கையில் விற்கப்படும் பண்டமாயிற்று.

இந்நிலையிலேதான் பாலறியும் தேவை கூர்மையடைந்தது. முட்டைப் பண்ணையாளன் விலை கொடுத்து வாங்கும் நூறு குஞ்சுகளில் ஏறத்தாழ ஐம்பது ஆண். தீனி முழுவதும் காசாக மாறிய பின்னர், அடையாளம் தெரியும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டமாகின்றது. 1920களின் பின்னர் இறைச்சிக் கோழி தனித் தொழிலாகப் பிரிந்து, அதற்கெனத் தனி இனங்களும் உருவாக்கப்பட்டபொழுது, முட்டையினத்தின் ஆண் குஞ்சு இறைச்சிச் சந்தையிலும் இடமிழந்தது. விருந்துக்குரிய சேவல் கழிவுப்பொருளாக மாறியது இவ்வகையிலேயே. மாறியது குஞ்சின் இயல்பன்று, உற்பத்தி உறவுகளே.

4. பிறப்புரிமையியல் காட்டிய இரு வழிகள்

கோழியே மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என முதன்முதலிற் காட்டிய சான்றுகளுள் ஒன்று. வில்லியம் பேற்சன் 1902இற் கொண்டை வடிவங்களைக்கொண்டு இதனை நிறுவினார். 1908ஐ அண்டிய ஆண்டுகளில் ஸ்பில்மன் முதலிய அமெரிக்க ஆய்வாளர், பிளிமத் றொக்கின் வரி இலிங்கமிணைந்த பண்பு எனக் கண்டனர். பறவைகளிற் சேவலுக்கு ஒரேவகையான இரு இலிங்க நிறமூர்த்தங்களும், பேட்டுக்கு அவற்றுள் ஒன்றும் வேறொன்றுமாக இரண்டும் உள்ளன. ஆகவே வரியுடைய பேட்டை வரியில்லாச் சேவலோடு சேர்த்தால், தாயின் வரி ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் செல்லும். அவற்றின் உச்சியில் வெண்பொட்டுத் தோன்றும். பெண் குஞ்சுகள் பொட்டின்றிக் கரியனவாயிருக்கும். அவ்வாறே றோட் ஐலன்ட் றெட் சேவலும் வெளிர் சசெக்ஸ் பேடும் சேர்ந்தால் ஆண் குஞ்சுகள் வெளிறியும் பெண் குஞ்சுகள் செம்பொன்னிறமாயும் பொரிக்கும்.

முதலாம் உலகப் போர்க்காலத் தீனித் தட்டுப்பாட்டின்போது, கேம்பிறிட்ஜ் பேராசிரியர் றெஜினோல்ட் புனெற் இம்முறையைப் பரிந்துரைத்தார். சோவியத் ஆய்வாளர் ஸெரெப்ரோவ்ஸ்கி 1922இல் இறகு மெதுவாக வளரும் பண்பும் இலிங்கமிணைந்ததே என அறிவித்தார். இன்றும் பல பொரிப்பகங்களில் ஒருநாட் குஞ்சின் சிறகிறகுகளின் நீளத்தை ஒப்பிட்டுப் பாலறிதல் இப்பண்பின் அடிப்படையிலேயே நடைபெறுகின்றது. அதே நாட்டிலே, 1948 ஆகஸ்டில் முடிவுற்ற வேளாண்மைக் கலைக்கழகக் கூட்டத்தொடரில் லைசென்கோவின் தலைமையில் மெண்டலியப் பிறப்புரிமையியல் முதலாளித்துவப் பொய்யறிவியலாகக் கண்டிக்கப்பட்டது. மார்க்சியத்தை ஆய்வு நெறியாகக் கொள்ளும் நாம் இதனை மறைத்துச் செல்லுதல் தகாது. ஓர் அறிவு எவ்வர்க்கத்தின் தேவையால் வளர்ந்தது என்று வினவுதல் ஆய்வு. அவ்வர்க்கத்தின் பெயரைச் சொல்லி அவ்வறிவையே பொய்யெனத் தீர்த்தல் ஆய்வன்று. வரியின் அலகு தாயிடமிருந்து மகனுக்குச் செல்வது எந்தக் கட்சித் தீர்மானத்தாலும் மாறாதது.

இவ்விடத்து ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. மேற்கூறிய கலப்பின் பயன் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். அக்கலப்புக் குஞ்சுகள் வளர்ந்து தம்முள் இணைந்தால், அடுத்த தலைமுறையில் வரி இருபாலாரிலும் கலந்து தோன்றும். பொட்டு எதனையும் கூறாது. ஆகவே, பண்ணையாளன் ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்துக்கே திரும்பவேண்டும். பட்டயமும் பூட்டும் இன்றி, உயிரியலே இங்கு உடைமையைக் காவல் செய்கின்றது.

இதற்கு மாறான வழியொன்றும் இருந்தது. புனெற்றும் மைக்கேல் பீஸும் பிளிமத் றொக்கின் வரியைப் பொன்னிறக் கம்பைனுக்குள் புகுத்தி, 1929இற் கம்பார் என்னும் இனத்தை உருவாக்கினர். இதிற் சேவலுக்கு வரியலகு இரட்டையாகவும் பேட்டுக்கு ஒற்றையாகவும் அமையும். எனவே ஆண் குஞ்சு வெளிறியும் பெண் குஞ்சு தெளிந்த கோடுகளுடனும் பொரிக்கும். இவ்வேறுபாடு தலைமுறை தோறும் மாறாது தொடர்வது. பின்னர் லெக்பார் முதலிய இனங்களும் இவ்வழியிலே தோன்றின. இவற்றை வளர்க்கும் எளிய குடியானவர், எவரையும் கேளாமல், தம் கண்ணாலேயே முதல் நாளிற் பாலறிய முடியும். ஆனால், பேரளவு உற்பத்தியில் வென்றவை கலப்பினங்களே. அவை கூடுதலாக முட்டையிட்டன என்பது உண்மை. அதனோடு, ஆண்டுதோறும் புதிதாக விற்கத்தக்க குஞ்சே பொரிப்பக முதலாளிக்கு உகந்தது என்பதும் உண்மை. தானே பெருகும் அறிவுடைய இனங்கள் இன்று ஆர்வலரின் கொல்லைகளிலேயே பெரும்பாலும் எஞ்சியுள்ளன.

5. கையின் அறிவு

மூன்றாவது வழி யப்பானிற் தோன்றியது. மசுயி, ஹாஷிமொத்தோ முதலிய ஆய்வாளர், ஒருநாட் குஞ்சின் கழியறை ஓரத்தில் ஆண் உறுப்பின் எச்சமாக நுண்ணிய புடைப்பொன்று இருப்பதைக்கொண்டு பாலறியும் முறையை 1920களில் வகுத்தனர். 1927இல் ஒற்றாவாவில் நடைபெற்ற உலகக் கோழியியல் மாநாட்டின் வழியாக மேலை நாடுகள் இதனை அறிந்தன. 1933இல் இம்முறை பற்றிய நூல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

செயலைச் சொல்லுதல் எளிது. குஞ்சை இடக்கையிற் பிடித்து, மெல்ல அழுத்திக் கழிவை வெளியேற்றி, பெருவிரல்களாற் கழியறையை விரித்து, ஒளிமிக்க விளக்கின் கீழ் அப்புடைப்பைப் பார்க்கவேண்டும். உருண்டு பளபளத்து, தொட்டாற் கரையாது நிற்பது ஆண். ஆனால் பல பெண் குஞ்சுகளிலும் சிறு புடைப்பு உண்டு. சில ஆண் குஞ்சுகளில் அது தட்டையாயிருக்கும். தேர்ந்த தொழிலாளி மணிக்கு ஆயிரம் குஞ்சுகள்வரை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையாத திருத்தத்துடன் பிரிப்பார். ஒரு குஞ்சுக்கு மூன்று நான்கு விநாடிகளே. பழகாத கையில் குஞ்சு காயமுறும் அல்லது இறக்கும். கொல்லையில் இதனை முயலுதல் தகாது.

இத்திறன் மூலதனத்துக்கு இன்றியமையாததாய், ஆனால் பொறியால் உடனே பறிக்க முடியாததாய் இருந்தது. 1930களில் யப்பானிய வல்லுநர் வட அமெரிக்காவுக்கு வந்து கற்பித்தனர். யப்பானிய வழிவந்த அமெரிக்க இளைஞர் பலர், நிறவெறியால் ஏனைய தொழில்கள் அடைபட்டிருந்த நிலையில், இத்தொழிலிற் புகுந்தனர். பென்சில்வேனியாவின் லான்ஸ்டேல் நகரில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் இயங்கியது. 1942 பெப்ருவரி 19இல் வெளியான ஜனாதிபதி ஆணையின்கீழ் ஏறத்தாழ 120,000 யப்பானிய வழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். எனினும் குஞ்சு பிரிக்கும் திறன் படைத்தோர் சிலர் முகாமிலிருந்து பொரிப்பகங்களுக்குச் செல்ல இடமளிக்கப்பட்டது. மனிதராக நம்பப்படாதோர், விரல்களாக நம்பப்பட்டனர். பிற்காலத்திற் கொரியக் குடிபெயர்ந்தோரும் இத்தொழிலுக்கு வந்தனர். லீ ஐசக் சுங்கின் 'மினாரி' என்னும் 2020ஆம் ஆண்டுத் திரைப்படம், 1980களின் ஆர்கன்ஸோவில் இவ்வேலை செய்யும் கொரியத் தம்பதியரைச் சித்திரிக்கின்றது. பொரிப்பகத்துப் புகையைக் காட்டி, ஆண் குஞ்சுகள் பயனற்றவை, நாம் பயனுள்ளவராயிருத்தல் வேண்டும் எனத் தந்தை மகனுக்கு விளக்கும் இடம், இந்த முழு வரலாற்றையும் ஒரு குடும்பத்தின் அச்சமாகச் சுருக்கித் தருகின்றது.

இவ்வறிவு சொல்லுக்கு அப்பாற்பட்டது, ஆண்டுக்கணக்கிற் பழகியே அடையத்தக்கது என்றொரு புனிதம் அதனைச் சூழ்ந்திருந்தது. 1987இல் வெளியான உளவியல் ஆய்வொன்று இதனைச் சோதித்தது. நீண்டகால அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரின் உதவியோடு, எங்கே நோக்குவது, எவ்வடிவத்தைத் தேடுவது என்பன ஒரே பக்கத்திற் குறிக்கப்பட்டன. அதனைப் படித்த பின் புதியோர் படங்களைப் பார்த்துத் தந்த விடைகளின் திருத்தம், ஊகத்தைச் சற்றே விஞ்சிய நிலையிலிருந்து நூற்றுக்கு 84ஆக உயர்ந்தது. படம் வேறு, துடிக்கும் குஞ்சு வேறு என்பது மெய்யே. எனினும் தொழிலாளியின் கண்ணிலிருந்த அறிவு சொல்லாக மாற்றத்தக்கது என்பது தெளிவாயிற்று. சொல்லாக மாறுவது பொதுவுடைமையும் ஆகலாம். பொறியினுட் சென்று தனியுடைமையும் ஆகலாம்.

6. முடிவுரை

உலகில் ஆண்டுதோறும் கொல்லப்படும் முட்டையின ஆண் குஞ்சுகள் பல நூறு கோடி என மதிப்பிடப்படுகின்றது. ஜேர்மனியின் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2019 யூனில், பொருளாதார நலன் மாத்திரம் அக்கொலைக்குப் போதிய நியாயமாகாது எனத் தீர்த்தது. 2022 சனவரி 1 முதல் அங்கு அது தடைசெய்யப்பட்டது. இப்பொழுது முட்டைக்குள்ளேயே பாலறியும் பொறிகள் வந்துள்ளன. சில, முட்டையின் திரவத்தில் ஓமோனைச் சோதிப்பன. சில, ஓட்டினூடே ஒளி செலுத்தி முளையத்தின் இறகு நிறத்தைப் பார்ப்பன. இவை ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடும் கலப்பினங்களிலேயே பயன்படுவன. புனெற் போர்க்காலத்திற் குடியானவரின் கண்ணுக்குக் கொடுத்த அடையாளத்தை இன்று பொறியின் கண் படிக்கின்றது.

இது முன்னேற்றமே, குஞ்சின் துன்பத்தைக் குறைக்கும் எதனையும் நாம் இகழமாட்டோம். ஆனால் இப்பொறி, ஆண் வேண்டாதது என்னும் தீர்ப்பை மாற்றவில்லை. அத்தீர்ப்பு நிறைவேற்றப்படும் நாளை முன்னே தள்ளியுள்ளது. தீர்ப்பு மாறவேண்டுமாயின், முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே பயன்படும் கோழிகளையும், தானே அடையாளம் காட்டும் இனங்களையும், அவற்றைச் சிறு வளர்ப்போர் தாமே பெருக்கும் உரிமையையும் பொருளாதாரம் ஏற்கவேண்டும். அவ்வறிவு புதிதாகத் தேடவேண்டியதன்று, 1929இலேயே கிடைத்தது. அதனைப் பொதுச்சொத்தாகப் பேணும் சமூக ஏற்பாடே கிடைக்கவில்லை.

எமது ஊர்களிற் பேடொன்று பத்துக் குஞ்சுகளோடு வேலியோரம் மேயும்பொழுது, அவற்றுள் எத்தனை சேவல் என்று வீட்டார் அவசரப்பட்டுக் கேட்பதில்லை. இதனை அறியாமை என்றோ பழமையின் மேன்மை என்றோ கொள்ளவேண்டியதில்லை. இரண்டு பாலுக்கும் இடமிருக்கும் ஒரு சிறிய பொருளாதாரத்தின் இயல்பு அது. பார்ப்பு என்றும் பிள்ளை என்றும் பால் காட்டாது பெயரிட்ட மொழிக்குப் பின்னால் நின்றதும் அத்தகையதொரு வாழ்க்கையே எனலாம்.